பாக்கார்டை ஓட்டியது யார்?

அத்தியாயம் 6

"அப்போ உங்கள இடிச்சது காரா, கப்பலா?" என்று கேட்டான் டெல்பர்ட்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒடெஸா பிரிம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. அதில் நாற்பது வருஷம் பணக்கார வீடுகளின் அடுப்படியில் நின்றவள். சூப்பில் உப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் இதே பார்வையைத்தான் பார்த்திருப்பாள்.

"கப்பல்னு நான் சொல்லலப்பா. அந்த போலீஸ்காரர் அவரா எழுதிக்கிட்டார். நான் சொன்னது கேப்டன்."

"டெல்பர்ட், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டிரு," என்றாள் இர்மா நோவாக். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. முதல்லேர்ந்து."

இர்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. டெட்ராய்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் நசுங்கிய கார்களையும் அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களையும் பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பொய் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். இர்மாவுக்குக் குமட்டும். அவளுடைய உதவியாளன் டெல்பர்ட் ப்ரூயிட், செகண்ட் ஹாண்ட் கார் விற்கும் கடையில் பத்து வருஷம் பேசியே பிழைத்தவன். கடையை விட்டு வந்த பிறகும் அந்த வாய் ஓயவில்லை.

ஒடெஸா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை ரோட்டுல வேலைக்கு நடந்து போறேன். தூறல். நீலக் கலர் மழைக்கோட்டு போட்டிருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு விளக்கு வந்தது. பெரிய உருண்டை விளக்கு, மஞ்சளா. பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிச்சது. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க அப்பா கார்ல அடிச்ச அதே நாத்தம். அவ்வளவுதான், கீழ கிடக்கேன்."

"அந்த வண்டி நின்னுதா?"

"நிக்கல. ஆனா அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. இது வேற வெளிச்சம். பல் டாக்டர் ரூம்ல இருக்குமே, அந்த மாதிரி வெள்ளை. ஒரு பொம்பளை குரல் கேட்டது. இங்கிலாந்து ராணி வீட்டுப் பொண்ணு பேசற மாதிரி, பதவிசா. 'கேப்டன், பாதையில் ஒருவர் இருக்கிறார்'னு சொன்னா. எனக்கு உயிரே வந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். வெளிச்சம் அங்கேயே நின்னுது. நான் 'கர்த்தர் என் மேய்ப்பர்'ங்கற பைபிள் சங்கீதத்தை முழுசா ஒரு தடவை சொல்லி முடிச்சேன், கண்ணு. அப்பவும் நின்னுது. அப்புறம் மெதுவா என்னைச் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு."

அதன் பிறகு, செய்தித்தாள் போடும் பெண் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது மணி ஆறரை.

ஒடெஸா கண்ணைத் திறந்தாள். "வெர்ன் ஸ்டப்ஸ் என்னை இடிக்கல. போன பனிக்காலம் பூராவும் பஸ் ஸ்டாப்புல என் கால் மரத்துப் போகாம அவரோட டிரக்குல ஏத்திக்கிட்டுப் போய் விட்ட மனுஷன். ரோட்டுல அணில் ஓடினாக்கூட நிறுத்துவார். அவரைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். அவரை வெளிய கொண்டு வா."

இடுப்பெலும்பு உடைந்து கிடப்பவள், தன்னை இடித்தவனைப் பிடி என்று கேட்கவில்லை. இன்னொருவரைக் காப்பாற்று என்று கேட்கிறாள். இர்மா அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்தாள்.

*

ஆல்டர் பாயிண்ட், ஏரியைப் பார்த்தபடி மாளிகைகள் நிற்கும் புறநகர். காரில் போகும் வழியில் டெல்பர்ட் டெட்ராய்ட் ஊர் ஹாட் டாக்கான கோனி ஒன்றைத் தின்றான். சாஸேஜ், அதன் மேல் மிளகாய்க் கறி, அதன் மேல் வெங்காயம், எல்லாவற்றிலும் கொஞ்சம் அவன் சட்டை மேல்.

"சுருக்கமாச் சொல்றேன் பாஸ், தப்பா இருந்தா அடிங்க," என்றான். "கிழவர் வின்ஃபீல்ட் ஹேவர்காம்ப். அவர்கிட்ட 1936 மாடல் பாக்கார்ட் கார். அவர் அப்பா வாங்கினது. அதோட இடது மட்கார்ட் நசுங்கியிருக்கு, பம்பர்ல நீலத் துணி மாட்டியிருக்கு. கிழவரை விட்டா அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்சவன் முப்பத்தொரு வருஷமா அதைப் பாத்துக்கற மெக்கானிக் வெர்ன் ஒருத்தன்தான். கிழவருக்கு மூட்டுவலி, ரெண்டு வருஷமா ஸ்டியரிங்கைத் தொடலையாம். பையன் காலின் அந்த வண்டியைப் பாத்தாலே மூஞ்சியைச் சுளிப்பானாம். அதனால வெர்ன் உள்ள."

"வெர்ன் என்ன சொல்றார்?"

"காது மெஷினைக் கழட்டிட்டுத் தூங்கினேன், ஒண்ணும் தெரியாதுன்னு. கராஜுக்கு மாடியிலதான் குடியிருக்கார்."

"காலின் என்ன கார் வெச்சிருக்கான்?"

டெல்பர்ட் விரலை நக்கிக்கொண்டே அந்த எஸ்யூவியின் பெயரைச் சொன்னான். பெயரைச் சொன்னாலே விலை கேட்கத் தோன்றாத ரகம். "அது பேசும் பாஸ். கதவு திறந்திருந்தா பேசும், தூக்கம் வந்தா பேசும். என் முன்னாள் மனைவி மாதிரி. ஆனா இது மரியாதையாப் பேசும்."

இர்மா ஏரிக்கரை ரோட்டில் வண்டியைத் திருப்பினாள். "இடிச்சது அந்த எஸ்யூவிதான். அப்புறம் பாக்கார்டைச் சுத்தியலால தட்டி நசுக்கி, கோட்டுத் துணியை மாட்டி, வெர்ன் தலையில கட்டியிருக்கான்."

"அப்போ பெட்ரோல் நாத்தம்? மஞ்ச விளக்கு?"

இர்மா ஹேவர்காம்ப் வாசலுக்குள் வண்டியை விட்டாள்.

*

ஹேவர்காம்ப் கராஜ், இர்மா கல்யாணம் செய்துகொண்ட ஹாம்ட்ராமிக் சர்ச்சைவிடச் சுத்தமாக இருந்தது. தரை கறுப்பு வெள்ளைக் கட்டம். சுவரில் கோப்பைகள். உள்ளூர் போலீஸ் டிடெக்டிவ் ஹால்சி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"பத்து நிமிஷம் இர்மா. அதுக்கு மேல கேக்காத. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில கார் கண்காட்சி. அதுக்குள்ள வண்டியை விடச் சொல்லி மேயரே போன் பண்ணிட்டார்."

"ஒரு பொம்பளையை இடிச்ச வண்டி, ஸ்டேஷனுக்கு வரலையா?"

"இழுத்துட்டுப் போனா பெயின்ட்ல கீறல் விழும்னாங்க."

இர்மாவுக்குக் குமட்டல் ஆரம்பித்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒடெஸா கேட்ட அந்தக் குரலைப் பத்தி இந்த வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கப்பல் கதையா? மண்டையில அடிபட்டதுல பிதற்றுது பாவம். அதைப் போய் யார்கிட்ட சொல்ல?"

உள்ளே இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பாக்கார்ட் மரூன் நிறம். நீண்ட மூக்கு, அதன் நுனியில் வெள்ளிப் பறவை, இரு பக்கமும் உருண்டை விளக்குகள். எஸ்யூவி கறுப்பு. ஒரு வீட்டுக்கு அடியில் சக்கரம் கட்டிவிட்டதைப் போல நின்றது.

கிழவர் வின்ஃபீல்ட் தோல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, கையில் தந்தப் பிடி போட்ட தடி. பையன் காலின் எஸ்யூவியின் மேல் சாய்ந்து நின்றான். ஐம்பது வயதுக்குப் பல் மட்டும் இருபது வயதுப் பளபளப்பு.

"சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க அம்மணி," என்றார் கிழவர். "மட்கார்டைச் சரிபண்ண ஆள் வரணும். அந்தப் பொம்பளையால எனக்கு ஒரு வாரம் வீண்."

இர்மா நேராக எஸ்யூவியின் முன்னால் போய் நின்றாள். ஒரு கீறல் இல்லை. கழுவிய சுவடு இல்லை. விளக்குக் கண்ணாடியின் மேல் பல நாள் பூச்சிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. இதை யாரும் மாற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அதன் மூக்கு இர்மாவின் நெஞ்சுவரை வந்தது. ஒடெஸா அவளைவிட ஒரு ஜாண் குள்ளம். இந்த வண்டி இடித்திருந்தால் இடுப்போடு போயிருக்காது. நெஞ்சுக்கூடு நொறுங்கி அங்கேயே முடிந்திருப்பாள்.

பாக்கார்டுக்கு நகர்ந்தாள். அதன் பம்பர் முழங்கால் உயரம். நசுங்கிய மட்கார்ட் இடுப்பு உயரம். சுத்தியலால் தட்டிய தகரம் பல இடத்தில் குழியும். இது ஒரே பெரிய குழி, மெத்தென்று, ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த மெத்தையைப் போல.

"பாஸ்," என்று டெல்பர்ட் காதோரம் சொன்னான், "நம்ம கதை பஞ்சர்."

பஞ்சர்தான். இடித்தது பாக்கார்டேதான். அப்படியானால் பெட்ரோல் நாற்றம் சரி, மஞ்சள் விளக்கு சரி. ஆனால் 1936-இல் செய்த கார் எந்தப் பெண் குரலில் யாரைக் கேப்டன் என்று கூப்பிடும்?

இர்மா இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றாள். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. ஒடெஸா சொன்னதில் பாதி இதற்குப் பொருந்தியது, பாதி அதற்குப் பொருந்தியது. போலீஸ் அதைப் பிதற்றல் என்று எழுதிவிட்டது. பாதி பாதியாகப் பொருந்தினால் வேறு அர்த்தமும் உண்டு.

அவள் காலின் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். அது அவளுக்குக் கஷ்டமான வேலை.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கிழட்டு வண்டியைப் பாக்கத்தான் ஊரே வருதாம். உங்க வண்டி அதைவிட எந்த விதத்துல ஒசத்தி?"

காலினுக்கு அது போதும். "எதுல ஒசத்தி இல்லைன்னு கேளுங்க. அதுல ஏறினா முதுகு உடையும். இது முதுகைப் பிடிச்சு விடும். இருபத்திரண்டு ஸ்பீக்கர். சாலையில எறும்பு போனாலும் பாத்துடும்."

"ஃப்ரிட்ஜ்," என்றார் கிழவர். "சக்கரம் வெச்ச ஃப்ரிட்ஜ். மரத்துலேர்ந்து இலை விழுந்தா தானா பிரேக் போடும்."

"உங்க வண்டி மரமே விழுந்தாலும் பிரேக் போடாதுப்பா."

"எங்கப்பா அதுல போனா தெருவுல தொப்பியைக் கழட்டுவாங்கடா. உன்னுதைப் பாத்தா மளிகை ஏத்திட்டு வந்திருக்கான்னு நினைப்பாங்க."

இவர்கள் இருபது வருஷமாக இதையே பேசி வருகிறார்கள் என்பது தெரிந்தது. ஏரிக்கரையில் ஒருத்தி எலும்பு உடைந்து கிடக்கும் வாரத்திலும் அது நிற்கவில்லை. வந்ததிலிருந்து இரண்டு பேரில் ஒருவராவது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்களா என்று இர்மா காத்திருந்தாள். கேட்கவில்லை.

"ஓட்டிக் காட்டுங்களேன்," என்றாள். "சும்மா வாசல் வரைக்கும்."

காலின் ஏறி உட்கார்ந்தான். வண்டி சத்தமே இல்லாமல் உயிர் பெற்று, கராஜிலிருந்து மெதுவாக வெளியே நகர்ந்தது. இர்மா டெல்பர்டைப் பார்த்தாள். டெல்பர்ட் பெருமூச்சு விட்டான்.

"உயிரோட இருந்தா இன்னொரு கோனி வாங்கித் தரணும்," என்று சொல்லிவிட்டு வண்டிக்குக் குறுக்கே நடந்தான்.

வண்டி தானாகவே நின்றது. திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு பெண் குரல் வந்தது. பதவிசான, கடல் தாண்டி வந்த குரல்.

"கேப்டன், பாதையில் ஒருவர் இருக்கிறார்."

ஹால்சி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

*

"இதுல என்ன இருக்கு?" காலின் கீழே இறங்கினான். "இந்த மாதிரி வண்டி ஆயிரக்கணக்குல ஓடுது."

"ஓடுது," என்றாள் இர்மா. "எல்லாம் கேப்டன்னா கூப்பிடுது?"

"நான் பாய்மரப் படகு வெச்சிருக்கேன். அதனால அப்படி வெச்சுக்கிட்டேன். ஏன்?"

ஹால்சி சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒடெஸாவின் வாக்குமூலத்தை மெல்ல வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் கழுத்து சிவந்தது. காலினின் முகத்திலிருந்து அந்த இருபது வயதுப் பளபளப்பு இறங்கியது.

"என் வண்டியில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்," என்றான்.

"இல்லை. இடிச்சது பாக்கார்ட். ஆனா பின்னாலேயே உங்க வண்டி வந்திருக்கு. அன்னிக்கு ரோட்டுல ரெண்டு கார். வெர்ன் ஒரே ஆள். அவரால ரெண்டை ஓட்ட முடியாது."

காலின் அப்பாவைப் பார்த்தான். அப்பா தடியின் பிடியைப் பார்த்தார். பிறகு காலின் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குரலில் துக்கம் வந்து உட்கார்ந்தது.

"சரி. சொல்லிடறேன். வெர்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரல. அன்னிக்கு விடியற்காலையில பாக்கார்ட் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டது. வெர்ன் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போறான். நான் என் வண்டியில துரத்தினேன். பிடிக்க முடியல. வளைவு தாண்டினப்போ அந்தம்மா கீழ கிடந்தாங்க. பயந்துட்டேன். வந்துட்டேன். தப்புதான்."

"பையன் என்கிட்ட அன்னிக்கே சொன்னான்," என்றார் கிழவர் உடனே. "முப்பத்தொரு வருஷம் சோறு போட்டேன் அந்த நாய்க்கு."

ஹால்சி தயங்கினார். கதை பொருந்தியது. துக்கத்தோடு சொன்னதால் இன்னும் நன்றாகப் பொருந்தியது. வெர்னின் விடுதலை ஒரு படி நெருங்கி வந்து, மறுபடியும் தள்ளிப் போனது.

இர்மா அந்தத் துக்கத்தை நம்பவில்லை. அவள் மூளை இருபது வருஷமாக நடந்து வரும் அந்தச் சண்டையிலேயே நின்றது.

"டெல்பர்ட்," என்றாள் சத்தமாக, "நீ கார் வித்தவன். உனக்கு நம்பிக்கை வருதா?"

டெல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அவன் எஸ்யூவியின் பக்கவாட்டைத் தட்டினான். "எதை நம்ப பாஸ்? இந்த யானை துரத்தி அந்தப் பல்லு போன கழுதையைப் பிடிக்க முடியலைன்னா? என் கடையில இதைச் சொல்லியிருந்தா வாங்க வந்தவன் சிரிச்சே செத்திருப்பான். தொண்ணூறு வருஷத்துக் கார். ரெண்டாவது கியர்லேயே இருமும்."

"பிடிக்கணும்னு நினைச்சிருந்தா அரை நிமிஷத்துல பிடிச்சிருப்பேன்," என்றான் காலின். சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"பாவம், அதுக்கென்ன வேகம் இருக்கப்போகுது," என்றாள் இர்மா. "கண்காட்சியில தள்ளிக்கிட்டுத்தானே வருவாங்க."

"அரை நிமிஷம்," என்று காலின் திருப்பிச் சொன்னான். "மிதிச்சிருந்தா கல் பாலத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

கிழவரின் தடி தரையில் இடித்தது.

"முடிஞ்சிருக்குமா? கல் பாலத்துக்கிட்ட நீ எங்கடா இருந்தே? உன் ஃப்ரிட்ஜ் தூறலைப் பாத்துப் பயந்து தானா பிரேக் போட்டுக்கிட்டு நின்னுது. பாலம் வர்றதுக்கு முன்னாடியே நான் உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்."

ஹால்சி பேனாவை எடுத்தார்.

கிழவரின் வாய் திறந்தபடியே இருந்தது. சொன்னதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வழி தேடுவதைப் போல உதடு இரண்டு தடவை அசைந்தது.

"மூட்டுவலி குணமாயிடுச்சா சார்?" என்று கேட்டான் டெல்பர்ட்.

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் பந்தயம் பேசியிருக்கிறார்கள். எது சிறந்த வண்டி என்று ஒரேயடியாக முடிவு கட்ட. விடியற்காலை, ரோடு காலி, கல் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். காலின், அப்பாதான் பாக்கார்டை ஓட்டினார் என்றான். அப்பா, அவன்தான் சவால் விட்டான் என்றார். பாலத்தில் யார் முன்னால், திரும்பும்போது யார் முன்னால் என்று போலீஸ் டிடெக்டிவ் ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாதாடினார்கள். ஹால்சி இரண்டு தடவை எழுதுவதை நிறுத்தி இர்மாவைப் பார்த்தார்.

"காலின்," என்றாள் இர்மா. "உங்க வண்டி அங்க நின்னுது. இப்ப டெல்பர்டுக்கு நின்ன மாதிரி."

"அதுவா நின்னுது."

"எனக்குத் தெரியும். நிறுத்தினது நீங்க இல்லை. அவங்க கையைத் தூக்கினாங்க. ஒரு சங்கீதம் சொல்லி முடிக்கற நேரம் நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. என்ன பண்ணீங்க?"

"அப்பாவுக்குப் போன் பண்ணேன்."

"என்ன பேசினீங்க?"

காலின் அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாக்கார்ட் ரேடியேட்டர்லேர்ந்து தண்ணி ஒழுகுதான்னு பாக்கச் சொன்னேன். அவர் இல்லைன்னார். வான்னார். வண்டி நகர மாட்டேன்னுது. அந்த எச்சரிக்கையை அணைச்சுட்டுச் சுத்திக்கிட்டு வந்தேன்."

இர்மா வெளியே போய் ஹைட்ரேஞ்சியாப் புதருக்கு அருகில் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த வண்டியில் இருந்த எல்லாவற்றிலும் மனுஷன் ஒருவன் மட்டும்தான் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

திரும்பி வந்தபோது ஹால்சி கிழவரை எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுவீங்கல்ல?" என்று கிழவர் அவரிடம் கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார்.

*

மாலை நான்கு மணிக்கு வெர்ன் ஸ்டப்ஸை விட்டார்கள். ஸ்டேஷனின் பக்கக் கதவு வழியாக வந்தார். அறுபத்தேழு வயது, உயரம், நகக்கண்ணில் போகாத கிரீஸ். பெல்ட்டும் ஷூ கயிறும் ஒரு காகித உறையில் கையில் இருந்தன. இர்மா காரில் சாய்ந்து நின்றபடி நடந்ததைச் சொன்னாள். பந்தயம், பாலம், நின்ற எஸ்யூவி.

வெர்ன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இர்மா பேச்சை நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் பொய்களைப் பார்த்தவளுக்கு, ஆச்சரியப்படாத முகம் என்ன என்று தெரியும்.

"நீங்க தூங்கலை," என்றாள்.

வெர்ன் காகித உறையை மடித்தார். மறுபடி விரித்தார். "அந்த இன்ஜினை முப்பத்தொரு வருஷமா கேக்கறேன். செத்துக் கிடந்தாலும் எழுந்திரிச்சுடுவேன். ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ரெண்டு பேரும் போனாங்க."

"திரும்பி வந்ததையும் பாத்தீங்க."

"ஆறு மணி. கீழ இறங்கி வந்தேன். மட்கார்ட் நசுங்கியிருந்தது. மான் குறுக்க வந்துடுச்சுன்னார் மிஸ்டர் ஹேவர்காம்ப்."

"பம்பர்ல துணி மாட்டியிருந்ததே."

வெர்ன் பார்வையைத் திருப்பினார். எதிரே புல்வெளியில் தண்ணீர்க் குழாய் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்.

"நீலத் துணி, வெர்ன். யாரோட கோட்டுன்னு உங்களுக்குத் தெரியும். பனிக்காலம் பூரா உங்க டிரக்குல உக்காந்து வந்த கோட்டு."

"தெரியும்," என்றார் வெர்ன்.

"ஆறு மணிக்கு உங்களுக்குத் தெரியும். பேப்பர் போடுற பொண்ணு அவங்களைப் பாத்தது ஆறரைக்கு. அந்த வளைவு உங்க வாசல்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"நடந்தா அஞ்சு நிமிஷம்."

"ஏன் போகலை?"

வெர்ன் யோசித்தார். பொய் தேடுபவரைப் போல இல்லை. தனக்கே பதில் தெரியாமல் தேடுபவரைப் போல.

"மிஸ்டர் ஹேவர்காம்ப் வண்டிக்கு உறை போடச் சொன்னார்," என்றார். "போட்டேன். அப்புறம் தரையைத் துடைச்சேன். அப்புறம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சரி, யாரோ பாத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

"உள்ள தூக்கி வெச்சப்பவும் வாயைத் திறக்கலை."

"மிஸ்டர் ஹேவர்காம்ப் பாத்துக்கறேன்னு சொன்னார்."

இர்மா அவரைப் பார்த்தாள். காலையில் ஹேவர்காம்ப்கள் மேல் வந்த குமட்டல் சுலபமானது. அவர்கள் இர்மாவுக்கு யாரோ. இந்த ஆளை வெளியே கொண்டுவரத்தான் அந்தக் கராஜின் காற்றைச் சுவாசித்தாள். இந்த ஆளுக்காகத்தான் ஒருத்தி உடைந்த இடுப்போடு கெஞ்சினாள்.

"டவுன் வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடுவீங்களா?" என்று கேட்டார் வெர்ன். "இனி கராஜுக்குப் போக முடியாது."

"பஸ் இருக்கு," என்றாள் இர்மா. "ஒடெஸா வர்ற பஸ்தான்."

அவள் கைப்பேசி அடித்தது. எடுத்தாள்.

"என்ன கண்ணு, விட்டுட்டாங்களா?" ஒடெஸாவின் குரல் மருந்துத் தூக்கத்தில் குழைந்திருந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. "டிவியில சொல்றாங்க. அப்பனும் பிள்ளையுமாமே. நான்தான் சொன்னேனே, வெர்ன் இல்லைன்னு. அவர் பக்கத்துல இருக்காரா? ரெண்டு வார்த்தை பேசணும். பாவம், ஜெயில்ல என்ன சாப்பிட்டாரோ."

இர்மா இதுவரை எந்தக் கட்சிக்காரரிடமும் பொய் சொன்னதில்லை. உண்மையை இவளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பிறகு, அதைச் சொல்ல வேண்டியது தான் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"இருக்கார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்று சொல்லி, கைப்பேசியை வெர்னிடம் நீட்டினாள்.

வெர்ன் அதை வாங்கவில்லை. இர்மா கையை மடக்கவும் இல்லை. கடைசியில் காகித உறையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இர்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். டெல்பர்ட் சாவியைத் திருப்பப் போனான்.

"இரு," என்றாள்.

திறந்த ஜன்னல் வழியாக வெர்னின் மூச்சு கேட்டது. அந்தப் பக்கம் ஒடெஸா ஏதோ சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் கண்ணை மூடினார்.

"ஒடெஸா," என்றார். "அன்னிக்கு நான் முழிச்சுத்தான் இருந்தேன்."